பிரிட்டிஷ் நகைச்சுவையை மறுபடி எடுத்தால் ஏன் நமத்துப் போகிறது?

பழையரீல்:

அமெரிக்க இயக்குநர்களான கோயன் சகோதரர்கள் எனக்கு உயிர். அப்படியும் அவர்கள் 2004-ல் எடுத்த 'தி லேடிகில்லர்ஸ்' படத்தோடு என்னால் ஒட்டவே முடியவில்லை. டாம் ஹாங்க்ஸ் நடித்திருக்கிறார், ரோஜர் டீக்கின்ஸ் ஒளிப்பதிவு, அருமையான காஸ்பெல் பாட்டுகள். எல்லாம் இருந்தும், 1955-ல் லண்டன் ஈலிங் ஸ்டுடியோ எடுத்த மூலப் படத்தின் பக்கத்தில் வைத்தால் நிற்கவில்லை. ஏன் என்று யோசித்ததை இங்கே எழுதுகிறேன், உங்கள் கருத்தையும் சொல்லுங்கள். முடிவு உட்பட முழுக் கதையும் வருகிறது, படம் பார்க்காதவர்கள் கவனம்.

கிங்ஸ் கிராஸ் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு முட்டுச்சந்து. அதன் கடைசியில், போர்க்கால குண்டுவீச்சில் ஆட்டம் கண்டு கோணலாக நிற்கும் ஒரு வீடு. மிஸஸ் வில்பர்ஃபோர்ஸ் என்ற விதவைப் பாட்டி கிளிகளோடு அங்கே தனியாக இருக்கிறார். அலெக் கின்னஸ் துருத்திய பல்லும் நீண்ட மஃப்ளருமாக வந்து அறையை வாடகைக்கு எடுக்கிறார். நண்பர்களோடு வயலின், செல்லோ பழகப் போகிறோம் என்று சொல்லிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு பொக்கெரினியின் இசைத்தட்டை ஓடவிட்டு, ஐந்து பேருமாகக் கொள்ளைக்குத் திட்டம் போடுகிறார்கள். பணமும் கிடைத்துவிடுகிறது. அதற்குப் பிறகு பாட்டிக்கு விஷயம் தெரிந்துபோகிறது. அவரைக் கொல்ல வேண்டும், யாருக்கும் கை வரவில்லை. குச்சி போட்டு ஆளைத் தேர்ந்தெடுக்கிறார்கள். தங்களுக்குள்ளேயே மோதி ஒவ்வொருவராகச் செத்து, கீழே போகும் கூட்ஸ் வண்டியில் விழுகிறார்கள்.

இதில் எனக்கு மிகப் பிடித்த இடம், பாட்டியின் தோழிகள் தேநீருக்கு வரும் காட்சி. துப்பாக்கி வைத்திருக்கும் ஐந்து திருடர்கள் அந்த வயதான பெண்களிடம் 'முடியாது' என்று சொல்ல வழியில்லாமல் மாட்டிக்கொள்கிறார்கள். பெரியவர்கள் முன்னால் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று சின்ன வயதில் யாரோ சொல்லிக் கொடுத்தது அவர்களைக் கட்டிப்போடுகிறது. ஹெர்பர்ட் லோம் நிஜமாகவே பயமுறுத்தும் கொலைகாரனாக நடித்திருப்பதால்தான் இது சிரிப்பாகிறது. பாட்டியோ, தன் 21-வது பிறந்தநாள் விருந்தின் நடுவில் விக்டோரியா மகாராணி இறந்த செய்தி வந்ததைச் சொல்லிக்கொண்டிருக்கிறார். அவருடைய உலகம் 1901-ல் முடிந்துவிட்டது. ஆனாலும் அந்த உலகத்தின் சட்டத்துக்கு இந்தக் கயவர்கள் கட்டுப்படுகிறார்கள். பாட்டியாக நடித்த கேட்டி ஜான்சனுக்கு அப்போது வயது 76. அந்த வேடத்துக்கு பிரிட்டிஷ் திரைப்பட விருதான பாஃப்டா கிடைத்தது.

2004 படத்தில் கதை மிசிசிப்பிக்குப் போகிறது. கூட்ஸ் வண்டிக்குப் பதில் குப்பைப் படகு, ரயில் நிலையப் பணத்துக்குப் பதில் சூதாட்ட விடுதிப் பணம். ஒவ்வொன்றுக்கும் சரியாக மாற்று கண்டுபிடித்திருக்கிறார்கள். ஆனால் திருடர்களை அடக்கி வைத்த அந்த மரியாதை மட்டும் காணாமல் போய்விட்டது. ஒருவன் ஓயாமல் கெட்ட வார்த்தை பேசுகிறான், இன்னொருவனுக்கு வயிற்றுக் கோளாறு. எதற்குமே கட்டுப்படாத ஆட்கள் ஒரு பாட்டிக்குக் கட்டுப்பட்டால் அதை நான் எப்படி நம்புவது?

நெய்தல்:

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். கோயன்கள் படத்தில் பாட்டியாக நடித்த இர்மா பி. ஹாலுக்கு 2004 கான் விழாவில் ஜூரி பரிசு கிடைத்தது. தேவாலயமும் செத்துப்போன கணவரின் படமுமாக அவர் வாழும் வீடு எனக்குப் பொய்யாகத் தெரியவில்லை. கெட்ட வார்த்தை பேசியவனைக் கன்னத்தில் அறையும் இடத்தில் அரங்கமே சிரித்தது. நீங்கள் இங்கிலாந்துப் பாட்டியை மனதில் வைத்துக்கொண்டு பார்ப்பதால் இவரை இவருக்காகப் பார்க்க மறுக்கிறீர்களோ?

பழையரீல்:

இர்மா ஹால் பிரமாதம், அதில் சந்தேகமே இல்லை நெய்தல். நீங்கள் சொன்ன, கன்னத்தில் அறையும் அந்தக் காட்சியிலேயே என் பதிலும் இருக்கிறது. அவர் பலசாலி. யாராவது அவரைக் கொன்றுவிடுவார்களோ என்ற பயம் எனக்கு ஒரு நிமிடம்கூட வரவில்லை. கேட்டி ஜான்சனோ, காற்று பலமாக அடித்தால் விழுந்துவிடுவார் போலிருப்பார். அந்த உடம்பை வைத்துக்கொண்டு ஐந்து பேரை நிற்க வைத்துக் கண்டிக்கிறார்.

இன்னொன்று. இங்கிலாந்தை இவ்வளவு துல்லியமாகக் காட்டிய அந்த 1955 படத்தின் திரைக்கதையை எழுதிய வில்லியம் ரோஸ் ஒரு அமெரிக்கர். இயக்கிய அலெக்சாண்டர் மெக்கெண்ட்ரிக் அமெரிக்காவின் பாஸ்டனில் பிறந்து கிளாஸ்கோவில் வளர்ந்தவர். ஆகவே 'அமெரிக்கர்களுக்கு இது வராது' என்பது என் வாதமே இல்லை. இருவரும் ஒரு குறிப்பிட்ட ஊரை, அதன் கூச்சங்களை, விலகி நின்று கவனித்திருக்கிறார்கள். கோயன்கள் மினசோட்டாவை அப்படிக் கவனித்துப் படம் எடுத்தவர்கள்தான். மிசிசிப்பியை அப்படிப் பார்க்கவில்லை என்பது என் வருத்தம்.

வாசு_வடகரை:

ரீல் அண்ணா, நீங்கள் தோற்றதை மட்டும் எடுத்துக்கொண்டீர்கள். ஜெயித்ததையும் பார்த்தால்தான் காரணம் பிடிபடும்.

பிபிசியில் 1962-ல் தொடங்கிய 'ஸ்டெப்டோ அண்ட் சன்' எடுத்துக்கொள்ளுங்கள். அப்பாவும் மகனும் குதிரை வண்டியில் பழைய சாமான் வாங்கி விற்கிறார்கள். நம் காயலான் கடைதான். மகன் ஹெரால்டுக்கு நல்ல புத்தகம், நல்ல ஒயின், நாகரிகமான வாழ்க்கை எல்லாம் ஆசை. வீட்டை விட்டுப் போகப் பெட்டி கட்டுவான். கிழவன் அழுதோ ஏமாற்றியோ நிறுத்திவிடுவான். சில பகுதிகளில் சிரிப்பை நிறுத்திவிட்டு அவனுக்காகக் கலங்க வேண்டியிருக்கும். இதை அமெரிக்காவில் 1972-ல் 'சான்ஃபோர்ட் அண்ட் சன்' என்று எடுத்தார்கள். லாஸ் ஏஞ்சலஸின் வாட்ஸ் பகுதி, கறுப்பினக் குடும்பம், அப்பாவாக ரெட் ஃபாக்ஸ். 1977 வரை ஓடியது. அதற்கு முன்னால் 1971-ல் 'டில் டெத் அஸ் டூ பார்ட்' தொடரிலிருந்து 'ஆல் இன் தி ஃபேமிலி' வந்தது. லண்டன் கிழக்குப் பகுதியின் ஆல்ஃப் கார்னெட், நியூயார்க் குவீன்ஸின் ஆர்ச்சி பங்கர் ஆனார். இரண்டையும் அமெரிக்காவுக்குக் கொண்டுவந்தது நார்மன் லியர், பட் யோர்கின் கூட்டணி. வாட்ஸில் 1965-ல் பெரிய கலவரம் நடந்திருந்தது. அந்த நகரத்தின் கோபமும் வறுமையும் கதைக்குள் தானாக வந்து உட்கார்ந்துகொண்டன.

'தி ஆபீஸ்' விஷயத்திலும் இதேதான். மூலத் தொடர் 2001-ல் தொடங்கியது. ஸ்லவ் என்ற ஊரில் ஒரு காகித நிறுவனம். ஆறு ஆறாக இரண்டு பருவம், பிறகு 2003 கிறிஸ்துமஸுக்கு இரண்டு பகுதி, அவ்வளவுதான். அமெரிக்கத் தொடர் 2005-ல் வந்தபோது முதல் பகுதியில் கிட்டத்தட்ட அதே வசனங்களைப் பேச வைத்தார்கள். உயிரே இல்லை. இரண்டாவது பருவத்தில் ஸ்டீவ் கரெல் நடித்த மேலாளர் மைக்கேல் ஸ்காட்டைக் கொஞ்சம் இளகிய மனசுக்காரராக மாற்றினார்கள், சுற்றியிருந்த ஊழியர்களுக்கும் கதை கொடுத்தார்கள். 201 பகுதி ஓடியது. மூலத் தொடரில் ரிக்கி ஜெர்வெய்ஸ் செய்த மேலாளர் டேவிட் பிரென்டை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு கூசும். மைக்கேலை நினைத்தால் அவரோடு மதியம் சாப்பிடலாம் என்று தோன்றும். இரண்டுமே நல்ல தொடர். ஒன்று இன்னொன்றாக இருக்க முயன்ற அந்த முதல் ஆறு பகுதிகள்தான் பலவீனம்.

குரோய்டன்_தம்பி:

வாசு அண்ணை, மறுஆக்கத்தைப் பற்றி நீங்கள் சொன்னது சரி. ஆனால் எனக்கு அதைவிட வலித்தது தொடர்ச்சிகள்தான். சொந்தப் படைப்பை அதே ஆட்களே திரும்ப வந்து குலைப்பது. 'ஒன்லி ஃபூல்ஸ் அண்ட் ஹார்சஸ்' பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை.

எங்கள் அப்பா லண்டன் வந்து சின்னக் கடை ஒன்று போட்டவர். ஆங்கிலம் முழுதாக விளங்காத காலத்திலேயே டெல் பாயை அவருக்கு வடிவாக விளங்கியது. பெக்கம் பகுதியில், நெல்சன் மண்டேலா ஹவுஸ் என்ற அடுக்குமாடியில், அண்ணன் டெல், தம்பி ராட்னி, வயதான ஒருவர். மூன்று சில்லு மஞ்சள் வானில் எந்தச் சாமானையும் ஏற்றி விற்பார்கள். அடுத்த வருஷம் இந்நேரம் நாங்கள் கோடீஸ்வரர்கள் என்று 1981-லிருந்து டெல் சொல்லிக்கொண்டே இருப்பான். எழுதியவர் ஜான் சலிவன், அவரும் தென் லண்டன் தொழிலாளர் குடும்பத்துப் பிள்ளை.

1996 கிறிஸ்துமஸுக்கு மூன்று பகுதிகள் வந்தன. டிசம்பர் 29-ல் கடைசிப் பகுதி. கராஜில் வருஷக்கணக்காகக் கவனிப்பாரற்றுக் கிடந்த ஒரு பழைய கடிகாரம், கடலில் தீர்க்கரேகையைக் கணிக்கக் கடிகாரம் செய்த ஜான் ஹாரிசனின் கைவேலை என்று தெரியவருகிறது. சதபீஸ் ஏலத்தில் 62 லட்சம் பவுண்டுக்குப் போகிறது. பதினைந்து வருஷம் சொன்ன வார்த்தை பலித்துவிட்டது. அதோடு நிறுத்தியிருந்தால்கூட அது சாதாரண சந்தோஷ முடிவுதான். சலிவன் இன்னும் ஒரு படி போகிறார். பணம் வந்தபின் டெல்லுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. காலியான பழைய வீட்டுக்கு யாருக்கும் சொல்லாமல் வருகிறான். அங்கே டெலிபோன் அடிக்கிறது, யாரோ சரக்கு விற்கக் கூப்பிடுகிறார்கள். அந்த ஒரு நொடி அவன் முகம் பழையபடி மலர்கிறது. டேவிட் ஜேசனை நான் அதற்காகவே கும்பிடுவேன். அன்று அதை 2 கோடியே 43 லட்சம் பேர் பார்த்தார்கள்.

அதை முடித்துவிட்டு 2001-ல் திரும்ப வந்தார்கள். மத்திய அமெரிக்கச் சந்தையில் போட்ட காசெல்லாம் போய்விட்டதாம், மறுபடி அதே பெக்கம் வீடு. 2002, 2003-லும் ஒவ்வொன்று. ஆல்பர்ட் மாமாவாக நடித்த பஸ்டர் மெரிஃபீல்ட் 1999-ல் இறந்துவிட்டார். மதுக்கடைக்கார மைக்காக வந்த கென்னத் மெக்டானல்டும் 2001-ல் இறந்துபோனார். அந்த வெற்றிடம் எல்லாக் காட்சியிலும் தெரிகிறது. நகைச்சுவை குறைந்ததைக்கூட மன்னிப்பேன். டெல் வென்றதைப் பறித்ததை என்னால் மன்னிக்க முடியவில்லை. எங்கள் வீட்டில் 1996-ஐத்தான் கடைசி என்று வைத்திருக்கிறோம்.

நெய்தல்:

தம்பி, அந்த டெலிபோன் காட்சியை நீங்கள் எழுதியதைப் படித்ததும் உடனே பார்க்க வேண்டும் போலிருக்கிறது.

எனக்குத் தெரிந்த மோசமான மறுஆக்கம், ஹோட்டல் நடத்தும் ஒரு கணவன் மனைவி பற்றிய பிபிசி தொடரான 'ஃபால்டி டவர்ஸ்' விஷயத்தில் நடந்தது. அமெரிக்காவில் அதை மூன்று தடவை முயன்றார்கள். 1978-ல் ஒரு மாதிரிப் பகுதி எடுத்து அப்படியே விட்டார்கள். 1983-ல் பியா ஆர்தரை வைத்து 'அமாண்டாஸ்'. 1999-ல் 'பெய்ன்'. இரண்டும் சீக்கிரமே நின்றன. 'அமாண்டாஸ்' செய்த காரியம்தான் ஆச்சரியம். பேசில், சிபில் என்ற கணவன் மனைவி ஜோடியை எடுத்துவிட்டு, ஹோட்டலை ஒரு விதவையின் கையில் கொடுத்துவிட்டார்கள்.

பேசில் ஏன் அப்படிக் கத்துகிறான்? மேலே இருப்பவர்களிடம் குழைகிறான், மனைவிக்குப் பயப்படுகிறான், அந்தக் கோபத்தையெல்லாம் ஹோட்டல் பணியாளன் மேனுவல் தலையில் இறக்குகிறான். வர்க்கமும் தாம்பத்தியமும் சேர்ந்து அவனை நெருக்குகின்றன. மனைவியை எடுத்துவிட்டால் மிஞ்சுவது வெறும் கோபக்கார ஹோட்டல் முதலாளி. அப்படி ஒருவரை நிஜ வாழ்க்கையில் டார்கீ ஊரில் பார்த்துத்தான், பேசிலாக நடித்த ஜான் கிளீஸுக்கு இந்த எண்ணமே வந்தது. 1970-ல் அவர் இருந்த மான்டி பைதான் நகைச்சுவைக் குழு அங்கே ஒரு ஹோட்டலில் தங்கியிருந்தது. ஆனால் கிளீஸும், அவரோடு சேர்ந்து தொடரை எழுதிய மனைவி கானி பூத்தும் அந்த மனிதரை அப்படியே நகலெடுக்கவில்லை. அவருக்கு ஒரு வீடு, ஒரு பயம், ஒரு மனைவி கொடுத்தார்கள்.

மொத்தமே 12 பகுதி. 1975-ல் ஆறு, 1979-ல் ஆறு. இரண்டுக்கும் நடுவில் கிளீஸும் பூத்தும் விவாகரத்து செய்துகொண்டார்கள். அதன் பிறகும் சேர்ந்தே அந்த இரண்டாவது ஆறையும் முடித்தார்கள். 2023-ல் கிளீஸ் தன் மகளோடு சேர்ந்து இதற்குத் தொடர்ச்சி எடுக்கப்போகிறார் என்று அறிவிப்பு வந்தபோது எனக்குக் கவலையாகத்தான் இருந்தது. கானி பூத் இல்லாத பேசிலை நான் பார்க்க விரும்பவில்லை.

கிள்ளான்_மணியம்:

எல்லாரும் பிபிசியையே பேசுகிறீர்கள். எங்கள் பக்கம் பிரிட்டிஷ் நகைச்சுவை என்றால் முதலில் நினைவுக்கு வருவது 'மைண்ட் யுவர் லாங்குவேஜ்'. பிபிசிக்குப் போட்டியான ஐடிவிக்காக எல்டபிள்யூடி (லண்டன் வீக்எண்ட் டெலிவிஷன்) எடுத்தது, 1977 முதல் 1979 வரை. லண்டனில் வெளிநாட்டவர்களுக்கான ஆங்கில வகுப்பு. தலைப்பாகையோடு வரும் ரஞ்சித் சிங்காக நடித்த ஆல்பர்ட் மோசஸ் இலங்கையில் பிறந்தவர் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

இதை நான் பிரியத்தோடும் சங்கடத்தோடும் பார்க்கிறேன். ஒவ்வொரு நாட்டுக்காரருக்கும் ஒரே ஒரு குணம்தான் கொடுத்திருக்கிறார்கள். ஜமீலா பின்னிக்கொண்டே இருப்பார், அலியும் ரஞ்சித்தும் சண்டை போட்டுக்கொண்டே இருப்பார்கள். எல்டபிள்யூடியில் பொறுப்பில் இருந்த மைக்கேல் கிரேடு, இந்த வார்ப்புகள் மனதைப் புண்படுத்துகின்றன என்று தொடரை நிறுத்தினார். அந்த முடிவை நான் மதிக்கிறேன். இருந்தாலும் வகுப்பறையின் அன்பு உண்மையானது. ஆசிரியர் பிரவுனை அந்த மாணவர்கள் அத்தனை பேரும் நேசிக்கிறார்கள், தேர்வில் தோற்றாலும் திரும்ப அதே வகுப்புக்கு வருகிறார்கள்.

தலைப்புக்கு வருகிறேன். 1986-ல் இதையும் புதுப்பித்தார்கள். பழைய மாணவர்களில் சிலர்தான் திரும்பினார்கள். 13 பகுதி எடுத்தார்கள், ஐடிவியின் எல்லாப் பிராந்தியங்களிலும்கூட ஒளிபரப்பாகவில்லை. அதே வருஷம் அமெரிக்காவில் 'வாட் எ கன்ட்ரி' என்று ஒரு மறுஆக்கம், அதுவும் ஒரே பருவத்தோடு போய்விட்டது. ஆட்கள் மாறினால் வகுப்பு வேறு வகுப்பாகிவிடுகிறது.

வாசு_வடகரை:

மணியம் அண்ணன் சொன்ன அதே மைக்கேல் கிரேடு பிறகு பிபிசி ஒன் சேனலுக்கு வந்து ஒரு நல்ல காரியமும் செய்தார், தெரியாமலே. ரோவன் அட்கின்சன் எட்மண்டாக நடித்து, பருவத்துக்கு ஒரு வரலாற்றுக் காலத்தில் நடக்கும் 'பிளாக் ஆடர்' தொடரின் முதல் பருவம் 1983-ல் வந்தது. ஆன்விக் கோட்டையில் குதிரை, படை, பனி என்று ஏகச் செலவு. அவ்வளவு செலவுக்குச் சிரிப்பு குறைவு. அடுத்த பருவம் வேண்டுமென்றால் செலவைக் குறையுங்கள் என்று கிரேடு கண்டிப்பாகச் சொன்னார். ரோவன் அட்கின்சன் எழுதுவதிலிருந்து விலகினார். ரிச்சர்ட் கர்ட்டிஸோடு பென் எல்டன் சேர்ந்தார். குதிரைகள் போய் அரங்குக்குள் நான்கு சுவர். அசட்டு எட்மண்ட் புத்திசாலியானான், அவனோடு இருந்த பால்ட்ரிக் மடையனானான். 1986-ல் வந்த அந்த இரண்டாவது பருவம் முதலாவதைவிடப் பல மடங்கு உயர்ந்தது. ஆகவே தொடர்ச்சி என்றாலே சரிவு என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

நான்காவது பருவம் 1989-ல், முதல் உலகப் போரின் பதுங்குகுழியில். ஆறு பகுதி முழுக்க அங்கிருந்து தப்பிக்க எட்மண்ட் திட்டம் போடுகிறான், கடைசியில் எல்லாரும் மேலே ஏறி ஓட வேண்டியிருக்கிறது. படம்பிடித்த காட்சி சரியாக அமையாததால் அதை மெதுவாக்கி, பாப்பி மலர் வயலாகக் கரைய விட்டார்கள். தொலைக்காட்சி நகைச்சுவையில் இதற்கு இணையான முடிவை நான் பார்த்ததில்லை. பத்து வருஷம் கழித்து மில்லேனியம் டோமுக்காக 'பேக் அண்ட் ஃபோர்த்' என்று காலப் பயணக் குறும்படம் ஒன்று எடுத்தார்கள். மறுபடி பெரிய செலவு, மறுபடி குதிரை. அதில் எட்மண்ட் கடைசியில் அரசனாகிவிடுகிறான். எல்லாம் கிடைத்துவிட்ட பிளாக் ஆடரை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

பழையரீல்:

வாசு, தொடர்ச்சியைப் பற்றிச் சொன்னதும் 'எ ஃபிஷ் கால்ட் வாண்டா' நினைவுக்கு வந்தது. 1988-ல் அதை இயக்கிய சார்லஸ் கிரைட்டன் பழைய ஈலிங் ஆள். 1951-ல் 'தி லாவெண்டர் ஹில் மாப்' எடுத்தவர். வாண்டா வரும்போது வயது 78. ஒரு பாட்டியைக் கொல்லப் போய் அவளுடைய நாய்களை ஒவ்வொன்றாகக் கொன்றுவிட்டு, மிருகப் பிரியனான கென் கதறுகிறானே, அது நேராக ஈலிங்கிலிருந்து வருகிறது. கெவின் கிளைனுக்குத் துணை நடிகருக்கான ஆஸ்கர் கிடைத்தது.

1997-ல் அதன் நான்கு முக்கிய நடிகர்களையும் சேர்த்து 'ஃபியர்ஸ் கிரீச்சர்ஸ்' எடுத்தார்கள். கதை வேறு, ஆட்கள் அதே. முன்னோட்டக் காட்சியில் முடிவு எடுபடாததால் அந்த நால்வரில் ஒருவரான மைக்கேல் பேலின் தன் பயணத் தொடரை முடித்துவிட்டு வரும்வரை காத்திருந்து, இன்னொரு இயக்குநரை வைத்துத் திரும்ப எடுத்தார்கள். வாண்டாவில் இங்கிலாந்துக்காரரின் கூச்சமும் அமெரிக்கரின் தடாலடியும் மோதும். வழக்கறிஞர் ஆர்ச்சிக்கு அந்தக் கூச்சத்திலிருந்து வெளியே வர வேண்டும் என்ற ஏக்கம் இருக்கும். இரண்டாவது படத்தில் எல்லாரும் ஒரு மிருகக்காட்சிசாலைக்குள் ஓடுகிறார்கள், யாருக்கும் எந்த ஏக்கமும் இல்லை.

நெய்தல்:

அமைச்சரை அவருடைய உயர் அதிகாரியே பேச்சால் ஆட்டிவைக்கும் பிபிசி தொடர் 'எஸ் மினிஸ்டர்' பற்றி ஒருவரும் எழுதவில்லையே என்று பார்த்துக்கொண்டிருந்தேன். 2013-ல் அதை எழுதிய ஆன்டனி ஜேவும் ஜொனாதன் லின்னுமே திரும்ப வந்து 'எஸ், பிரைம் மினிஸ்டர்' ஆறு பகுதி எழுதினார்கள். டேவிட் ஹேக், ஹென்றி குட்மேன் இருவரும் நல்ல நடிகர்கள். ஆனால் பிரதமர் ஆரம்பத்திலிருந்தே பதறுகிறார், கத்துகிறார். பழைய தொடரில் பால் எடிங்டனின் அமைச்சர் ஜிம் ஹேக்கர் பதற்றத்தை முகத்துக்குள் ஒளித்துக்கொண்டு, அதிகாரியாக வரும் நைஜல் ஹாத்தார்ன் சுற்றிச் சுற்றிப் பேசும் வாக்கியம் எப்போது முடியும் என்று காத்திருப்பார். அந்தக் காத்திருப்பில்தான் சிரிப்பு.

இதற்கு முன்பே 2001-ல் ஸ்டார் பிளஸில் 'ஜி மந்த்ரிஜி' என்று இந்தியில் எடுத்தார்கள். ஃபாரூக் ஷேக் அமைச்சர். பிபிசியின் அதே கதைகள், டெல்லி அலுவலகம். எனக்கு அது 2013-ஐவிட நன்றாக இருந்தது. ஃபைல், நோட்டிங், 'மேலிடத்தில் கேட்டுச் சொல்கிறேன்' எல்லாம் பிரிட்டிஷார் இங்கே விட்டுப்போன நிர்வாகத்திலேயே ஊறிக் கிடப்பவை, புதிதாக எதையும் ஒட்ட வேண்டியிருக்கவில்லை. ஃபாரூக் ஷேக்கின் அந்த மெல்லிய, நல்லெண்ணம் நிறைந்த குழப்பம் எடிங்டனுக்கு மிக அருகில் வருகிறது. வாசு, இது உங்கள் வாட்ஸ் வாதத்துக்கு வலு சேர்க்கும் என்று நினைக்கிறேன். இந்தியில் 'தி ஆபீஸ்' 2019-ல் ஃபரிதாபாத்தில் நடப்பதாக வந்ததே, அதை யாராவது முழுதாகப் பார்த்தீர்களா?